தும்பையை மிதித்துக்கொண்டு தும்பைத்திணை கற்பிப்பதோ?

இத்திங்கள் ஆசிரியவுரை ஒரு குற்ற ஒப்புதலோடு தொடங்குகின்றது. குற்றவாளி வேறொருவரல்லர்; இதனை எழுதுகின்ற யாமே.

சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். ‘தும்பை: குறிப்பு வரைக’ என்பது ஒரு வினா. அதற்கு மதிப்பெண் இரண்டு. வேந்தர் இருவர் களங்குறித்து நின்று பொருவதைக் கூறும் புறத்திணை என்பதே யாம் எதிர்பார்த்த விடை. மாணாக்கியொருத்தி வேறொன்று எழுதியிருந்தாள். ‘தும்பைப்பூ வெள்ளையாக இருக்கும். வரப்பில் வளரும். தண்டு உருண்டையாக இராது, நான்கு பட்டையாக இருக்கும். பூவைப் பிடுங்கி அடியை உறிஞ்சினால் தேன் இனிக்கும்’ என்பது அவள் விடை. சிவப்பு மையால் ஒரு சுழியிட்டு அடுத்த தாளைப் புரட்டினோம். ‘வினாவைப் புரிந்துகொள்ளாத பெண்’ என்று உள்ளத்துள் சொல்லிக்கொண்டோம்.

அச்சுழி உண்மையில் யாருக்கு உரியது என்பதை, அடுத்துவந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையிலேதான் யாம் அறிந்தோம்.

தனித்தமிழ் இயக்கத்தை 1916இல் தொடங்கிய மறைமலையடிகளின் பெயர் தாங்கிய சாலையிலேதான் நம் புதுச்சேரிப் பேருந்து நிலையம் உள்ளது. அங்கிருந்து கிழக்கு நோக்கிச் சிறிது நடந்தால் நகரின் பழைய நிலைத்திணைப் பூங்காவை அடையலாம். பிரெஞ்சியர் ஆட்சியில் 1826ஆம் ஆண்டு அமைக்கப்பெற்ற பூங்கா அது. எந்நாட்டு மரம் இம்மண்ணில் வேரூன்றும், எப்பயிர் தங்கள் வாணிகத்திற்கு ஊதியம் தரும் என்று ஆய்ந்து பார்ப்பதே அன்று அவர்தம் நோக்கம். பெரோத்தே என்னும் செடியியலறிஞர் இங்கே பணியாற்றி, 1870இல் இந்நகரிலேயே மறைந்தார். அவர் பெயரால் ‘பெரோத்தேத்தியா’ என்று ஒரு செடிப்பேரினமே இன்று அறிவியலுலகில் வழங்குகின்றது. ஆட்சி அயலது, நோக்கம் வாணிகம், எனினும் அவர் செடியைக் குனிந்து பார்த்தார் என்பதை மறுப்பதற்கில்லை.

அப்பூங்காவிற்கு மாணாக்கர் பன்னிருவரை அழைத்துச் சென்றோம். புறத்திணைப் பூக்களை நேரிற் காட்டிவிடுவது என்பது எம் எண்ணம். வெட்சி, கரந்தை, வஞ்சி, காஞ்சி, நொச்சி, உழிஞை, தும்பை, வாகை என எட்டுப் பூக்கள். முப்பதாண்டுகளாக வகுப்பறையில் யாம் இவற்றின் இலக்கணம் சொல்லி வந்தோம்; கரும்பலகையில் அட்டவணை வரைந்தும் காட்டினோம். ஆனால், தோட்டத்தில் நின்று ‘இதுதான் அது’ என்று விரல் நீட்ட வேண்டிய பொழுது வந்தவுடன், எம் விரல் தயங்கிற்று.

முதலில், வழியோர வேலியாக வெட்டிவிடப்பட்டிருந்த ஒரு செடி. கொத்துக் கொத்தாய்ச் செம்பூ. நீண்ட குழலின் முனையில் நான்கே இதழ். ‘இதன் பெயர் என்ன?’ என்றோம். பன்னிருவரும் ஒருமிக்க, ‘இட்டிலிப்பூ, ஐயா!’ என்றனர். அதுதான் வெட்சி. பகைவர் நிரைகளைக் கவரச் செல்லும் மறவர் சூடிய பூ. வெட்சித்திணை என்றதும் துறைகளை ஒப்பிக்கும் பிள்ளைகள், நாள்தோறும் தம் தெருவில் காணும் பூவே அது என்பதை அறியார். யாம் சொன்னதும் ஒருவன், ‘எங்கள் வீட்டு வாயிலிலேயே இருக்கிறதே ஐயா!’ என்று வியந்தான். அவன் வாயிலில் இருந்ததை அவனுக்குக் காட்ட முப்பதாண்டுப் புலமைக்கு நேரம் வாய்க்கவில்லை.

அடுத்தது மதிலோரம். பற்றுக்கம்பி சுருட்டி ஏறும் மெல்லிய கொடி. ஊதிய பை போன்று மூன்று பக்கமுள்ள பச்சைக்காய். நெற்றியிலே அடித்து ‘டப்’பென்று ஒலியெழுப்பிப் பிள்ளைகள் ஆடும் காய் அது. உள்ளே கருவிதை, விதையின் மேல் வெள்ளை வெளேரென்று ஒரு நெஞ்சாங்குலைக் குறி. இம்முறை வாய் திறந்தவள், தேர்வில் சுழி பெற்ற அம்மாணாக்கியே. ‘முடக்கத்தான் ஐயா. எங்கள் ஆயா அரைத்துத் தோசைமாவில் கலப்பார்கள். கால் முடக்கத்திற்கு நல்லது’ என்றாள். முடக்கறுத்தான், முடக்கொற்றான் என்றெல்லாம் வழங்கும் அக்கொடியையே கழக நூல்களின் உழிஞை எனச் செடியியலறிஞர் பலர் கொள்வர். உழிஞை, மதிலை வளைத்துப் பொருவதன் திணை. நம் கண்முன் அக்கொடி ஒரு மதிலை வளைத்து ஏறிக்கொண்டிருந்தது! திணைக்குப் பெயரிட்ட பழந்தமிழன் ஓலைக்கட்டைப் பார்த்துப் பெயரிடவில்லை. கொடியைப் பார்த்தே பெயரிட்டிருப்பான் என்பது அந்நொடியில் எமக்கு விளங்கிற்று.

எனினும் ஓர் ஐயத்தை இங்கே மறைத்தலாகாது. உழிஞையைக் கொற்றான் என்னும் பெயராலும் விளக்குவர். ஆனால் மக்கள் வழக்கில் கொற்றான் என்பது இலையே இல்லாமல், மஞ்சள் நூல் போலப் பிற செடிகளின்மேற் படர்ந்து அவற்றின் சாற்றை உறிஞ்சி வாழும் வேறொரு கொடிக்கும் பெயராகும். நம் கடற்கரை மணலிற் புதர்களின்மேல் அதனைக் காணலாம். பெயர் ஒன்று, கொடி இரண்டு. நூலை மட்டும் படித்தவன் இவ்விடத்தில் வழுக்கி விழுவான். கொடியைப் பார்த்தவனே ஐயுறவும் தெரிந்தவன்.

சற்று அப்பால் ஒரு புதர்மரம். காம்பின் முனையில் மூன்றோ ஐந்தோ இலைகள் விரல்போல் விரிந்திருந்தன, இலையடியில் வெண்மை, கசக்கினால் காரமான மணம், பூ ஊதாநிறம். ‘நொச்சி, ஐயா! தடுமன் பிடித்தால் இதைப் போட்டுத்தான் வேது பிடிப்பார்கள்’ என்று மூவர் கூறினர். இந்நொச்சியின் இலையை மயிலின் காலடிக்கு ஒப்பிட்டுக் குறுந்தொகையிலே ஒரு புலவர் பாடினார். அவர் பெயர் கொல்லன் அழிசி. உலைக்களத்துத் தொழிலோடு தொடர்புடைய பெயர் அது. செடியியலார் இன்று ‘அங்கைவடிவக் கூட்டிலை’ என்று நீட்டி எழுதுவதை, அவர் ஒரே உவமையில் முடித்துவிட்டார். மாணாக்கரிடம் ‘மயிலடியைத் தேடுங்கள்’ என்றோம். அரைமணி நேரத்திற்குள் பூங்காவிலிருந்த மற்ற நொச்சிகளையும் அவர்களே கண்டுபிடித்துவிட்டனர். உவமை அணிக்காக மட்டும் அன்று. அடையாளம் காண்பதற்கும் ஆகும் என்பதை எந்த அணியிலக்கண வகுப்பிலும் யாம் இத்துணைத் தெளிவாக உணர்த்தியதில்லை.

வாகையில் யாமே தடுமாறினோம். குடைபோற் கவிந்த பெருமரம் ஒன்றைக் காட்டி, ‘இதோ வெற்றி வாகை!’ என்று முழங்கிவிட்டோம். கீழே கிடந்த காயை அப்பெண் எடுத்து வந்தாள். தடித்துக் கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தது. ‘ஐயா, வாகைநெற்று தட்டையாக, வைக்கோல் நிறத்தில் இருக்குமே. காற்றடித்தால் கலகலவென்று ஒலிக்குமே. இது தூங்குமூஞ்சி மரம் இல்லையா?’ என்றாள். ஆம், அது தூங்குமூஞ்சியே. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்து நம் சாலைகளுக்கு நிழல் தரும் மரம். அதன் பூ இளஞ்சிவப்பு. வாகைப்பூவோ பசுமை கலந்த வெளிர்மஞ்சள். இலை மட்டும் பார்த்தால் இரண்டும் உறவினர் போலவே தோன்றும், உறவினரே. வாகைநெற்று காற்றில் ஒலிப்பதைக் கயிற்றின்மேல் ஆடும் கூத்தரின் பறையொலிக்கு ஒப்பிட்ட குறுந்தொகைப் பாட்டை யாம் எத்தனையோ முறை நடத்தியிருக்கின்றோம். ஆனால் அந்நெற்றின் ஒலியை ஒருமுறையேனும் நின்று கேட்டிருந்தால், அம்மரத்தடியில் நாணித் தலைகுனிய நேர்ந்திராது.

தலை குனிந்தபோதுதான் காலடியைப் பார்த்தோம். எம் செருப்பின் கீழே நசுங்கிக் கிடந்தது ஒரு தும்பை.

வெண்பூ, நாற்பட்டைத் தண்டு, கணுவைச் சுற்றி முள்முள்ளான புறவிதழ்க் கொத்து. அவள் தேர்வில் எழுதிய அத்தனையும் அங்கே இருந்தது. யாம் எதிர்பார்த்த விடையும் உண்மைதான். அவள் எழுதிய விடையும் உண்மைதான். ஆனால் அவள் விடை இல்லையேல் எம் விடை பொருளற்ற ஒலி. பூவை அறிந்தவனுக்கே திணை பொருள்படும்; பூவை அறியாதவனுக்குத் திணை வெறும் தேர்வுக்குரிய சொல்.

வஞ்சியையும் காஞ்சியையும் அன்று யாம் காணவில்லை. அவை இன்று எம்மரங்கள் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நெல்லறுத்த வயலிலே உருண்டைப் பூவோடு படர்ந்து மணக்கும் கொட்டைக்கரந்தையைக் கரந்தை என்பர் சிலர். வேறு செடியைச் சொல்வோரும் உளர். பாகூர் ஏரிப்பாய்ச்சல் வயல்களில் அறுவடைக்குப் பின் தேடிப் பார்ப்போம் என்று பிள்ளைகளிடம் கூறினோம்.

அன்பர்களே, நம் இயக்கத்தாரை நோக்கியே இப்பொழுது பேசுகின்றோம்.

அரும்பு, போது, மலர், வீ, செம்மல் என்று பூவின் பருவந்தோறும் பெயருண்டு தமிழில் என நாம் மேடைதோறும் முழங்குகின்றோம், கைதட்டல் பெறுகின்றோம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் சிறாருக்குப் பரிசளிக்கின்றோம். நல்லது, செய்க. ஆனால் 99இல் 9 பூக்களையாவது அச்சிறாருக்கு நாம் காட்டியிருக்கின்றோமா? நமக்கே தெரியுமா? பெயரை ஒப்பிப்பது பெருமைக்கு உதவும். பெயருக்குரிய பொருளைக் காட்டுவதே மொழிக்கு உயிர் தரும். பொருளைவிட்டுப் பிரிந்த சொல் அகரமுதலியில் மட்டுமே வாழும். அதற்கு வாழ்வென்று பெயர் சொல்லல் தகாது.

தொல்காப்பியர் மரபியலிலே, புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் பிரித்தார். அப்பிரிப்பின்படி தென்னையும் பனையும் புல். இன்றைய அறிவியலும் தென்னையையும் அறுகம்புல்லையும் ஒருவித்திலைச் செடிகள் என்னும் ஒரே பெரும்பிரிவில் வைக்கின்றது. இதனைக் கூறி மார்தட்டிக்கொள்வதோடு நாம் நிறுத்திவிடுகின்றோம். அம்முடிபுக்கு வந்த முன்னோர், ஒரு பனையை வெட்டி அதன் உள்ளே பார்த்தாரே, அதனை மறந்துவிடுகின்றோம். அவர் பார்த்ததனால் இலக்கணம் பிறந்தது. நாம் பாராததனால் அது நெட்டுருவாயிற்று.

செடியை அறியாமை வெறும் புலமைக் குறைபாடு என்று எண்ணிவிடாதீர்கள். அஃது உயிர்க்கேடும் ஆகும். தமிழ்நாட்டரசின் மலராகிய செங்காந்தளை எடுத்துக்கொள்க. கழகப் புலவர் மகளிர் கைவிரலுக்கு உவமை கூறிய பூ அது. அதனையே ஊர்மக்கள் கண்வலிக்கிழங்கு என்பர். கலப்பைக்கிழங்கு என்பாரும் உளர். ஈழத்தார்க்கு அது கார்த்திகைப்பூ. நான்கு பெயர், ஒரே கொடி. அதன் கிழங்கு கொடிய நஞ்சு. உண்ணும் வள்ளிக்கிழங்கென்று மயங்கி அதனைத் தின்று உயிரிழந்தோர் உண்டு. காந்தளைப் பாட்டில் அறிந்து கண்வலிக்கிழங்கைக் காட்டில் அறியாதவனைக் காக்க எந்தப் பாட்டும் வாராது.

கீழாநெல்லியையும் பாருங்கள். மஞ்சள்நோய்க்கு மருந்தென்று தமிழகமெங்கும் பறிக்கப்படும் சிறுசெடி. 1988இல் சென்னை ஆய்வாளர் அதனைப் பற்றி எழுதிய ஆய்வுரை இலண்டனின் பெயர்பெற்ற மருத்துவ இதழிலே வந்து உலகின் கண்ணை ஈர்த்தது. பின்னர்ப் பிறர் செய்த ஆய்வுகள் அதே பயனைக் காட்டவில்லை. கரணியம் பலவாகலாம், ஆனால் கீழாநெல்லி என்ற பெயரிலே ஒன்றையொன்று ஒத்த பல இனங்கள் பறிக்கப்படுவதும், ஓரினத்தின் அறிவியற் பெயரை இன்னோரினத்திற்கு நெடுங்காலம் இட்டு வழங்கியதும் உண்மை. எதனை ஆய்ந்தோம் என்பதே தெளிவில்லையேல் ஆய்வு எங்ஙனம் நிற்கும்? ஆகவே, செடியின் பெயரை அறிந்துவிட்டோம் என்று எதனையும் பறித்து உண்ணவோ பிறர்க்குக் கொடுக்கவோ துணியாதீர்கள். மருந்து கொடுப்பது கற்ற மருத்துவர் பணி. அடையாளம் காணக் கற்பதே நம் பணி.

‘அப்படியானால் இலத்தீன் அறிவியற் பெயர்களே போதுமே, தமிழ்ப்பெயர் எதற்கு?’ என்று கற்றறிந்தார் சிலர் வினவக்கூடும். விடை எளிது. உலகமெங்கும் ஒரு செடிக்கு ஒரே பெயர் வேண்டும். அதற்கு அறிவியற் பெயர். அதனை நாம் வெறுக்கவில்லை. அப்பெயர்களுள்ளும் தமிழ் வேரோடியிருக்கின்றது. ‘மொரிங்கா’ என்னும் பேரினப்பெயர் நம் முருங்கை. பிரெஞ்சு மொழியில் மணநெய்க் கடைகள்தோறும் வழங்கும் ‘வெத்திவேர்’ என்னும் சொல் நம் வெட்டிவேரே. இம்மண்ணின் சொல்லை அவர்கள் நாணாமல் எடுத்துச்சென்று ஆண்டனர். நாம் நம் சொல்லை நம் பிள்ளைக்குச் சொல்ல நாணுகின்றோம்! அறிவியற் பெயர் ஒரு செடி இன்னது என்று உறுதிப்படுத்தும். ‘முடக்கறுத்தான்’ என்னும் பெயரோ, இதனை நம் முன்னோர் எதற்குப் பயன்படுத்தினர் என்பதையும் சேர்த்தே சொல்லும். ஒன்று முகவரி, மற்றொன்று வாழ்க்கை வரலாறு. இரண்டும் வேண்டும்.

பெயரென்றால் எல்லாம் பழம்பெயராகவே இருத்தல் வேண்டும் என்பதுமில்லை. பூங்காவின் புல்வெளியோரத்தில் நீண்ட காம்பின் முனையில் சிறு மஞ்சள்வட்டப் பூவோடு ஒரு பூண்டு நின்றது. நடு அமெரிக்காவிலிருந்து வந்து உலகெங்கும் பரவிய களை. அதனைக் கபிலர் அறியார்; தொல்காப்பியர் அறியார். ஆனால் அப்பெண் அறிவாள்: ‘வெட்டுக்காயப்பூண்டு, ஐயா. அரிவாள் பட்டால் இதைக் கசக்கி வைப்பார்கள்.’ எந்தக் கலைச்சொல்லாக்கக் குழு கூடி அப்பெயரை ஆக்கிற்று? எவரும் கூடவில்லை. வயலில் வேலை செய்தோர் அயற்செடியைக் கண்டனர், பயன் தேர்ந்தனர், தமிழில் பெயரிட்டனர். தனித்தமிழ் இயக்கம் தொடங்கும் முன்னும் பின்னும் அவ்வியக்கத்தை நடத்தி வருவோர் அவர்களே. நாம் மேசையிலமர்ந்து சொல்லாக்கும் முன், அவர்களிடம் சென்று கேட்டல் வேண்டும்.

‘மொழிக்கு எத்தனையோ இடர்கள் சூழ்ந்திருக்கச் செடிகொடிகளைப் பற்றி ஆசிரியவுரையா?’ என்று நம் தோழர் சிலர் சினங்கொள்ளலாம். அவர்கட்கு நம் நகரின் வரலாற்றையே நினைவூட்டுகின்றோம். இவ்வூரை அயலார் நாவிற்கேற்பப் ‘பாண்டிச்சேரி’ என்றே அரசேடுகள் எழுதிவந்தன. 1954இல் பிரெஞ்சியர் ஆட்சி நீங்கிய பின்னும், 1962இல் சட்டப்படி கைமாறிய பின்னும் அப்பெயரே நீடித்தது. 2006இல்தான் புதுச்சேரி என்னும் நம் பெயர் அரசேட்டில் ஏறிற்று. அத்தனை ஆண்டுகள் கழித்தும் அதனை மீட்க முடிந்தது எதனால்? மக்கள் நாவில் அது சாகாதிருந்ததால். புதுவை என்றும் புதுச்சேரி என்றும் மக்கள் அழைத்துக்கொண்டேயிருந்தனர். நாவில் உயிரோடிருக்கும் பெயரையே பின்னொரு நாள் ஏட்டில் ஏற்ற முடியும். நாவிலிருந்து போய்விட்ட செடிப்பெயரை எந்த அரசாணையாலும் மீட்க முடியாது. அப்பெயர்களை இன்று நாவில் வைத்திருப்போர் நம் ஆயாக்கள். அவர்தம் அகவையை எண்ணிப் பாருங்கள். நமக்கு எஞ்சியுள்ள காலம் எவ்வளவு என்பது விளங்கும்.

ஆகவே, நாம் செய்யத்தக்கவை இவை.

ஒன்று: தமிழாசிரியர் ஒவ்வொருவரும் மழைக்குப் பின் ஒருமுறையும் வேனிலில் ஒருமுறையும் மாணாக்கரைச் செடி பார்க்க அழைத்துச் செல்க. பெருஞ்செலவு வேண்டா. பாரதி பூங்கா உண்டு, ஊசுட்டேரிக் கரை உண்டு, கோயிற்காடுகள் உண்டு, பள்ளி மதிலின் அடியே போதும். பெருமரங்களுக்குப் பலகை நட்டுப் பெயரெழுத ஆட்கள் உளர். தானே முளைக்கும் செடிக்குப் பலகை நடுவார் யார்? அதற்குப் பலகை நம் நாவே.

இரண்டு: மாணாக்கர் ஆளுக்கொரு குறிப்பேடு வைத்துக்கொள்க. பறியாமல், பிடுங்காமல் இலையையும் பூவையும் வரைக. கண்ட இடம், நாள், சொன்னவர் எந்த ஊரார், அவர் சொன்ன பெயர், சொன்ன பயன் ஆகியவற்றை அவர் சொன்னவாறே எழுதுக. ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஒன்றைப் பிழையென்று அடிக்காதீர்கள். வில்லியனூர்ப் பெயரும் வேண்டும். காரைக்காற் பெயரும் வேண்டும்.

மூன்று: எழுதியதைக் கற்றோரிடம் காட்டி உறுதி செய்க. 1955இல் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் நம் நகரிலேயே உள்ளது. உலர்த்திப் பாதுகாத்த செடிகள் இருபதினாயிரத்திற்கும் மேல் அங்குள்ளன. திருச்சிராப்பள்ளியில் இருந்து அருட்டந்தை மத்தேயு தமிழகச் சமவெளிச் செடிகளைப் பற்றி விரிவாக எழுதினார். புதுவை அரசில் உயர்பணியாற்றிய பி. எல். சாமி கழக இலக்கியச் செடிகொடிகளுக்கென்றே தனிநூல் எழுதினார். செடியியலார்க்குத் தமிழ் நூலறிவு தேவை. தமிழாசிரியர்க்குச் செடியறிவு தேவை. இருவரும் ஒரு மரத்தடியில் சேர்ந்து நின்றால் இருவர் குறையும் தீரும்.

நான்கு: தேர்வு வினாக்களை மாற்றுக. ‘தும்பைத்திணையை விளக்குக’ என்பதோடு, ‘தும்பைச்செடியை நீ கண்ட இடத்தையும் அதன் அடையாளத்தையும் எழுதுக’ என்றும் கேட்க. அவ்வினாவிற்கு உரைநூல் பார்த்து விடையெழுத முடியாது. வெளியே சென்றாக வேண்டும்.

2011 திசம்பர் 30ஆம் நாள் தானே புயல் இக்கரையைத் தாக்கியபோது, நூறாண்டு நின்ற மரங்கள் பல நம் நகரிலே வேரோடு சாய்ந்தன. அவற்றைக் கண்டு நாமெல்லாம் வருந்தினோம். ஆனால் மரம் கிடந்த இடத்திலேயே அடுத்த மழைக்குத் தும்பை முளைத்திருந்ததை எம் கண்ணாற் கண்டோம். அன்று அதனைக் களையென்று கருதிக் கடந்து சென்றோம். பெருமரங்களைப் போன்ற பேரறிஞர் சாய்ந்தாலும், தும்பையைப் போன்ற எளியோர் நாவில் தமிழ் மீண்டும் மீண்டும் முளைக்கின்றது. அதனை மிதியாமலிருந்தால் போதும்.

அப்பெண்ணின் விடைத்தாள் இன்று எம்மிடம் இல்லை. எந்தப் பழந்தாள் கடைக்குச் சென்றதோ! பூங்காவிலிருந்து திரும்பும்போது அவளிடம், ‘அம்மா, அன்று உனக்குச் சுழியிட்டது என் பிழை’ என்றோம். அவள் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், ‘பரவாயில்லை ஐயா. ஆயாவிடம் சொல்கிறேன், அவர்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்’ என்றாள். அம்மதிப்பெண் இரண்டும் அந்த ஆயாவுக்கே உரியவை. எழுத்தறியாத அம்மூதாட்டியிடம் தும்பையின் இலக்கணம் கற்க, கல்லூரியில் தமிழ் பயின்ற இப்புலவன் அடுத்த விடுமுறையில் அவர் ஊருக்குச் செல்கின்றான்.

நீங்களும் எழுக, நடக்க, குனிந்து பார்க்க. காலடியில் தமிழ் பூத்திருக்கின்றது.